டாங்கியில் ஊற்றிய இரண்டு குடம்

அண்ணே,

உதடு வெடித்துவிட்டது. ஐரோலியில் இந்த மார்கழிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே குளிருகிறது. ஏதாவது களிம்பு கிடைக்குமா என்று உன் மகன் வீட்டு மருந்து அலமாரியைத் துழாவினேன். கைக்கு வந்தது அந்தக் கிளிசரின் சீசா. ஆஸ்பத்திரியிலிருந்து உன் கண்ணாடியோடும் பல்செட்டோடும் ஒரே பையில் வந்தது; முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. ஒரு சொட்டு தொட்டுத் தடவிக்கொண்டேன். கிளிசரினுக்கு வாசனை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. நாக்கு தன்பாட்டுக்கு உதட்டைத் தொட்டபோதுதான் அந்த இனிப்பு வந்தது. சீசாவை மூடி வைத்துவிட்டு, தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. உனக்குக் கடுதாசி எழுதுகிற கிறுக்குத்தனம் எனக்கு வரும் என்று நான் நினைக்கவில்லை. அழுவதற்குத் தெம்பில்லை, அதனால் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள். யாரிடமாவது சொல்லலாம் என்றால், நீ குழாய் போட்ட அந்த டிரெய்லர் வண்டியைத் தெரிந்தவர்கள் நம் இரண்டு பேரைத் தவிர ஒருவரும் மிச்சமில்லை. இப்போது நீயும் இல்லை.

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் நாம் குடியிருந்த கோலி நினைவிருக்கிறதா? ஒற்றை அறை. நீ கால் நீட்டிப் படுத்தால் என் தையல் மிஷினில் இடிக்கும். கல்யாணமான எட்டாவது மாதம் என்னவர் போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள் கலைவதற்கு முன்பே நீ ஊருக்கு வந்து, என்னையும் மிஷினையும் ரயிலேற்றிக் கூட்டி வந்தாய். அங்கே எனக்கு ஒரு மூலை ஒதுக்கிவைத்திருந்தார்கள். இங்கேயும் மூலைதான், ஆனால் மிஷின் வைத்த மூலை. அதற்காக உனக்கு நான் ஒரு நாளும் நன்றி சொன்னதில்லை. நீயும் எதிர்பார்க்கிற ஆளில்லை.

காலை நாலரைக்குக் குழாயில் தண்ணீர் வரும், ஆறுக்கு நின்றுவிடும். முப்பது வீட்டுக்கு ஒரு குழாய். வரிசையில் குடத்தை வைத்துவிட்டு அதன் மேலேயே கண்ணை வைத்திருக்க வேண்டும். தலையைத் திருப்பினால் குடம் நாலு இடம் பின்னால் போயிருக்கும். எனக்குக் கிடைப்பது நாலு குடம், சில நாள் மூன்று. அதில்தான் சோறு, குளியல், துணி எல்லாம். என் இடுப்பில் இடது பக்கம் இன்றைக்கும் ஒரு தழும்பு இருக்கிறது. பிள்ளை பெற்ற தழும்பில்லை, குடம் வைத்த தழும்பு.

நீ வேலை பார்த்தது லாரிக்கு பாடி கட்டுகிற ஷெட்டில், பைப் ஃபிட்டராக. அந்த வருஷம் உன் முதலாளி சேட்டுக்கு ஒரு புது மாதிரி ஆர்டர் வந்தது. சிம்லாவுக்கும் மேலே ஏதோ ஒரு மலையூர். அங்கே வைத்தியம் பார்க்கப் போகிற ஒரு டாக்டரம்மாவுக்கும் அவர் கணவருக்கும், ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப் போகிற வீட்டு வண்டி. உள்ளேயே கட்டில், அடுப்பு, கை கழுவத் தொட்டி. கட்டிலுக்கு அடியில் தகர டாங்கி, அதிலிருந்து செப்புக் குழாய், பித்தளைக் கைப்பம்பு. குழாய் வேலை முழுக்க உன்னுடையது. திரைச்சீலையும் மெத்தை உறையும் தைக்க ஆள் வேண்டும் என்றபோது, 'என் தங்கச்சி இருக்கா' என்றாய். அப்படித்தான் நானும் அந்த ஷெட்டுக்குள் வந்தேன்.

சேட் உன்னிடம் சொன்னதை நீ அன்று சாயங்காலம் வந்து மூன்று தடவை சொன்னாய். வண்டி நன்றாக அமைந்தால் இதே மாதிரி இன்னும் ஐந்து வண்டி வரும். அதற்காகச் செம்பூரில் புது ஷெட் போடுகிறார். அங்கே நீதான் பொறுப்பு. ஷெட்டுக்குப் பின்னால் ஒரு கோலி, அதுவும் உனக்கே. நான் கேட்டுக்கொண்டே சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் குரலைத் தாழ்த்திச் சொன்னாய்.

"உள்ளயே கொழா இருக்குட்டி. வீட்டுக்குள்ளயே."

ஊசி என் விரலில் ஏறிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாய். சுவரெல்லாம் சுண்ணாம்பு வாடை. மூலையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்ன மேடை, அதற்கு மேலே குழாய். 'தொறந்து பாரு' என்றாய். திறந்தேன். மத்தியானம் இரண்டு மணிக்குத் தண்ணீர் வந்தது! கையைக் கீழே நீட்டிப் பிடித்தேன். உடனே பயந்து மூடிவிட்டேன். யாரோ பார்த்துவிடுவார்கள் என்று பயம். நீ சிரித்தாய். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஈரக் கையை நான் முந்தானையில் துடைக்கவே இல்லை.

வண்டி தீபாவளி கழிந்து கிளம்ப வேண்டும். போய்ச் சேரும்போது மேலே பனி விழுந்துகொண்டிருக்கும். பங்குனி வரைக்கும் வண்டி அங்கே பூட்டித்தான் கிடக்கும். குழாயில் தண்ணீர் நின்றால் உறைந்து பித்தளையையே பிளந்துவிடும் என்று டாக்டரம்மா ஒரு தாளில் எழுதி அனுப்பியிருந்தார். ஷெட்டில் யாரும் நம்பவில்லை. நமக்கு ஐஸ் என்றால் மீன் கூடையில் மரத்தூளோடு வருகிற கட்டி. அது பித்தளையைப் பிளக்குமாம்! நீ ஒரு சோடா பாட்டிலில் கழுத்து வரை தண்ணீர் ஊற்றி இறுக்கி அடைத்து, ஐஸ் ஃபாக்டரிக்காரனிடம் கெஞ்சி ஒரு நாள் உள்ளே வைத்து வாங்கி வந்தாய். பாட்டில் நெடுக வெடித்திருந்தது. அதை ஷெட்டில் எல்லாருக்கும் காட்டினாயாம். திரை தைத்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும் காட்டத் தோன்றவில்லை உனக்கு.

உறையாமலிருக்க ராடியேட்டருக்கு ஊற்றுகிற மருந்து விஷம், குடிக்கிற தண்ணீர்க் குழாயில் ஆகாது. ஸ்பிரிட் ஊற்றலாம் என்றார் சேட். மதுவிலக்குக் காலத்தில் ஒரு டின் ஸ்பிரிட்டோடு தெருவில் நடந்தால் போலீஸ் வீடு வரைக்கும் கூடவே வருவான் என்று நீ மறுத்துவிட்டாய். கடைசியில் கிளிசரின் என்று முடிவானது.

அந்த நாள் அப்படியே கண்ணில் நிற்கிறது. கசிவு பார்ப்பதற்காக டாங்கி நிறையத் தண்ணீர் விட்டு இரண்டு நாள் வைத்திருந்தாய். இப்போது வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, அடி மூடியைத் திருகினாய். தண்ணீர் கொட்டி மண்ணில் ஓடியது.  தைப்பதை அப்படியே போட்டுவிட்டு, ஷெட்டில் கிடந்த பெயின்ட் டப்பா, வாளி, கழுவாத டீக்கெண்டி எல்லாவற்றையும் கொண்டுவந்து கீழே வைத்தேன்.

"ஏட்டி, அது பெயின்ட் டப்பா! குடிக்கவா போற?"

"துணி தொவைக்கலாம்லா. நீ வாய மூடிக்கிட்டு மெள்ளத் தொற. இப்பிடியா பீச்சி அடிப்பாவ?"

பிறகு சைக்கிள் பம்பை வைத்துக் குழாய்க்குள் காற்று அடித்தாய். மிச்சம் இருந்தது தும்மித் தும்மி வெளியே வந்தது. கிளிசரினும் காய்ச்சி ஆறிய தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து டாங்கியில் விட்டுப் பம்பை அடித்தாய். குழாயில் வருவதை ஒவ்வொரு தடவையும் விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாய். இனித்தால் மருந்து வந்து சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். என் விரலிலும் ஒரு சொட்டு விட்டாய். சீனிப்பாகு மாதிரி இருந்தது. எதற்கு என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டாங்கியில் மிஞ்சியதை வடித்தாய். குழாயிலும் பம்பிலும் மட்டும் அது நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டாய்.

டாக்டரம்மாவின் தாளில் கடைசியாக இன்னொன்றும் இருந்தது. டாங்கி மூடியில் 'தண்ணீர் ஊற்றாதே' என்று ஓர் அட்டை எழுதிக் கட்ட வேண்டும். அதை ஆபீஸ் கிளார்க் படித்துச் சொன்னபோது நீ சிரித்ததைப் பின்னாளில் நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய்.

"இந்த ஊர்ல எவன்வே ஓசியில தண்ணி ஊத்தப் போறான்?"

உண்மைதானே. ஒரு குடத்துக்கு மண்டையை உடைத்துக்கொள்கிற ஊர். நீ ஊரைக் கணக்கில் எடுத்தாய். வீட்டில் ஒருத்தி இருப்பதை மறந்துவிட்டாய்.

கிளம்புகிற அன்றைக்கு வண்டிக்கு மாலை போட்டிருந்தார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். நீ முன்னால் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தாய். நான் உள்ளே கடைசித் திரைக்கு வளையம் கோத்துக்கொண்டிருந்தேன். கட்டிலுக்கு அடியில் காலி டாங்கி. எனக்கு அதிலேயே மனசு நின்றது. நம் ஊரில் ஒருவர் நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் எதிரே நிறைகுடம் வர வேண்டும். இந்த வண்டியில்தான் உன் செம்பூர் இருக்கிறது, அந்தக் குழாய் இருக்கிறது. அது வெறுந்தொட்டியோடு கிளம்புகிறதே என்று எனக்கு ஆறவில்லை. நான் குடத்தோடு எதிரே வரலாமா? என்னைப் போன்றவள் வந்தால் கிளம்பினவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பிப்போய் உட்கார்ந்து, பிறகு மறுபடி கிளம்புவார்கள். ஊரில் அதைக் கண்ணால் பார்த்தவள் நான்.

வீட்டுக்கு ஓடினேன். காலையில் பிடித்த நாலு குடத்தில் இரண்டு குடத்தை, ஒன்றை இடுப்பிலும் ஒன்றைத் தலையிலும் வைத்துப் பின்சந்து வழியாகக் கொண்டுவந்தேன். யாரும் பார்க்கவில்லை. மூடியைத் திருகி மெள்ள ஊற்றினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. முகம் தெரியாத அந்த டாக்டரம்மாவுக்கு வண்டி போய்ச் சேர்ந்ததும் ஒரு வாய் குடிக்கவும் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்ல? தாலி இறங்கின பிறகு முதல் தடவையாக ஒரு நல்ல காரியத்தில் என் கை பட்டிருக்கிறது. வண்டி நகர்ந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

பங்குனி கழிந்து வண்டி ஷெட்டுக்குத் திரும்பி வந்தது. பித்தளைப் பம்பு நெடுகப் பிளந்திருந்தது, உன் சோடா பாட்டில் வெடித்த மாதிரியே. டாங்கியின் மூட்டு விட்டுப்போயிருந்தது. பனி இளகியபோது உள்ளே வைத்திருந்த மருந்துப் பெட்டிகளெல்லாம் நனைந்து வீணாகியிருந்தன. டாக்டரம்மா கோபப்படவில்லையாம், வேறு வண்டி வேண்டாம் என்று மட்டும் எழுதியிருந்தாராம். சேட் எல்லாரையும் நிறுத்தி, யார் செய்த தப்பு என்று கேட்டார்.  நாளைக்குள் பதில் வேண்டும் என்றார்.

நீ வீட்டுக்கு வந்தபோது நான் சோறு பொங்கிக்கொண்டிருந்தேன். முகத்தைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்தாய்.

"போற வழியில, அம்பாலாவுல டிரைவர் கொழாயத் தொறந்து மூஞ்சி கழுவுனானாம். நல்ல தண்ணி வந்துச்சுங்கான். நான் வச்சது கிளிசரினுட்டி. நல்ல தண்ணி எங்கேருந்து வரும்? எவனோ டாங்கியில ஊத்திருக்கான். அவன் அடிக்க அடிக்க மருந்து பூராவும் வெளிய போயி, தண்ணி கொழாயில நின்னுட்டு."

"நான்தான் அண்ணே ஊத்துனேன்" என்றேன். "ரெண்டு குடம்."

நீ நிமிர்ந்து பார்த்தாய். "நீயா? எதுக்கு?"

சொன்னேன். காலி டாங்கியைச் சொன்னேன். நிறைகுடத்தைச் சொன்னேன். "நான் எதுக்க வரக்கூடாதுல்லா, அதான் யாருக்குந் தெரியாம உள்ள ஊத்திட்டேன்" என்றேன். நீ அடிப்பாய் என்றே நினைத்தேன். அடித்திருக்கலாம். நீ அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாய். சோறு குழைந்துபோனது, அதை இறக்கவும் நமக்குத் தோன்றவில்லை.

"நாளைக்கு நானே வந்து சேட்டுக்கிட்ட சொல்லுதேன்" என்றேன்.

"வாயத் தொறக்காத." அவ்வளவு கடுமையாக நீ என்னிடம் பேசியதே இல்லை. "நீ சொன்னா அவனுவ பைப்பப் பத்திப் பேச மாட்டானுவ. தாலியறுத்தவ தண்ணி ஊத்துனா, வண்டி வெளங்காமப் போச்சும்பானுவ. ஆயுசுக்கும் அதையேதான் பேசுவானுவ. பம்பு ஒடஞ்சது குளுருலட்டி. ஒன்னால இல்ல. அட்டை கட்டச் சொன்னாவ, நான் கட்டல. அது என் தப்பு."

சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவாமலேயே சொன்னாய்.

"இனும ஒளிஞ்சு ஊத்தாத. குடத்த இடுப்புல வச்சிக்கிட்டு நேரா எதுக்க வா. எவன் கேக்கான்னு நான் பாக்கேன்."

மறுநாள் சேட், 'கல்தி கிஸ்கா?' என்று கேட்டாராம், தப்பு யாருடையது என்று. 'மேரா, சேட்' என்றாயாம் நீ, என்னுடையது என்று. வேலையை விட்டு அனுப்பவில்லை. செம்பூர் ஷெட்டின் பொறுப்பும் பின்னாலிருந்த கோலியும் வேறொரு ஃபிட்டருக்குப் போயின. அந்தக் குழாயும் போயிற்று.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம் அந்த வரிசையில் நின்றோம் என்று எனக்கு எண்ணத் தோன்றவில்லை. உனக்குக் கல்யாணமாகி, மதினி வந்து, பிள்ளை பிறந்து, மதினியும் போய்ச் சேர்ந்து, எல்லாம் அந்த வரிசைக்கு நடுவில்தான் நடந்தது. ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். நீ சேட்டிடம் தப்பை ஏற்றுக்கொண்ட மறுநாள் காலையிலிருந்து நீயும் குழாயடிக்கு வர ஆரம்பித்தாய். ஆம்பிளை குடம் தூக்குகிறான் என்று பெண்டுகள் கேலி பேசினார்கள். பெரிய குடத்தை நான் தொடுவதற்கு முன் நீ தூக்கிவிடுவாய். செம்பூரைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரு குத்தல், சண்டையில்கூட வந்ததில்லை. வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். இந்த நல்லவர்களோடு குடும்பம் நடத்துவது பெரிய பாடு அண்ணே.

நீ சொன்னாய் என்று நான் ஒரு நாளாவது குடத்தோடு எதிரே வந்தேனா? வரவில்லை. உன் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அடுப்படியில் நின்றேன். உன் மகன் பரீட்சைக்குப் போகும்போது கதவுக்குப் பின்னால் நின்றேன். இந்த ஐரோலி வீட்டிலிருந்து உன்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றியபோதும் அடுப்படியில்தான் நின்றேன்.

ஆஸ்பத்திரியில் குடல் ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள். உன் கட்டில் கம்பியில் ஓர் அட்டை தொங்கியது. வாய் வழியாகத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்று நர்ஸ் இந்தியில் சொல்லிவிட்டுப் போனாள். நீ கண் திறந்து, "தண்ணி" என்றாய்.

"குடுக்கக் கூடாதாம் அண்ணே. அட்டை மாட்டிருக்காவ."

தலையைத் திருப்பி அந்த அட்டையைப் பார்த்தாய். உதட்டில் ஒரு சிரிப்பு. "மாட்டிட்டாவளா? நல்ல வேலக்காரனுவதான்."

உதடு காயாமலிருக்கத் தடவச் சொல்லி இந்தக் கிளிசரினை வாங்கிவரச் சொன்னாள் நர்ஸ். பஞ்சில் தொட்டுத் தடவினேன். உன் நாக்கு வெளியே வந்து அதை நக்கியது. கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசித்தாய். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாய்.

"எந்தக் குளுருக்கு அனுப்பப் போறிய என்னய?"

நான் சிரித்தேன், அண்ணே. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடியும் "ஒரு வாய்" என்றாய். என் பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. பக்கத்தில் யாருமில்லை. ஒரு ஸ்பூன் ஊற்றியிருக்கலாம். எனக்குப் பம்பு பிளந்தது நினைவுக்கு வந்தது. ஊற்றக் கூடாத இடத்தில் ஒரு தடவை ஊற்றினவள், மறுபடியும் எப்படி ஊற்றுவேன்? பையைக் காலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். மறுநாள் மத்தியானம் நீ போய்விட்டாய். எங்கோ போகிற வண்டியை வெறுந்தொட்டியாக அனுப்ப மனசு வராத நான், உன்னை வறண்ட வாயோடு அனுப்பினேன். டாக்டர் சொன்னதைத்தானே அத்தை செய்தீர்கள் என்கிறான் உன் மகன். சரிதான். எனக்குத்தான் ஆறவில்லை.

வீட்டிலிருந்து உன்னை எடுக்கும்போது பெண்டுகளெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கி நின்றார்கள். நான் அடுப்படிக்குப் போனேன். குழாயைத் திறந்து குடம் நிறையப் பிடித்தேன். இடுப்பில் வைத்துக்கொண்டு, லிஃப்டுக்கு நேரே, உனக்கு எதுக்கவே வந்தேன்.  யாராவது கையைப் பிடித்து இழுப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை அண்ணே. ஒருவர் நகர்ந்து எனக்கு வழிவிட்டார், அவ்வளவுதான். கேட்க ஆளே இல்லாத ஒன்றுக்கா இத்தனை வருஷம் பயந்து கதவுக்குப் பின்னால் நின்றேன் என்றிருந்தது. நீ இருந்தபோது ஒரு தடவை வந்திருக்கலாம்.

இப்போது உன் மகன் காலையில் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் குடத்தோடு எதிரே வருகிறேன். இடுப்பு வலிக்கிறது, பாதிக் குடம் போதும் என்றாலும் மனசு கேட்கவில்லை, நிறையத்தான் பிடிக்கிறேன். அவன் இங்கே பிறந்து வளர்ந்தவன். தமிழ் படிக்க வராது, இந்தக் கடுதாசியை அவன் படிக்கப் போவதுமில்லை. ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே தினமும் அதையே சொல்கிறான்.

"எதுக்கு அத்த இத தூக்குறீங்க? வீட்டுக்குள்ளயேதான கொழா இருக்கு."